இரண்டாம் கண்

“இந்த இரண்டாம் கண் யாரா இருந்தாலும் சரி, அந்த ஆளுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு? பைனாகுலரைக் கொடுத்துப் பறவை பார்க்க அனுப்பலாம்” என்றார் பேராசிரியர் டெஸ்மண்ட்.

அடிலெய்டில் அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தின் காலைத் தேநீர் வேளை. லாமிங்டன் கேக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கிளெனிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. திசு வைத்த கண்ணாடி ஸ்லைடுகளுக்கு எண் ஒட்டும் வேலையில் அவளுக்கு இருபத்தாறு வருடம். டெஸ்மண்டின் நக்கலைக் கேட்பதிலும் அவ்வளவே.

ஒரே ஸ்லைடை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் முடிவு ஏன் மாறுகிறது என்பதுதான் டெஸ்மண்டின் வாழ்நாள் ஆராய்ச்சி. தொண்ணூறு கட்டுரைகள் எழுதிவிட்டார். எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: தப்பு மற்றவர் மேல்.

இந்த முறை நூறு பழைய மார்பக ஸ்லைடுகள். முதல் கண் அவர். இரண்டாம் கண் யார் என்பது ஒட்டிய உறைக்குள், கிளெனிஸின் மேஜையில் இருந்தது. ஆனால் அந்தத் துறையில் மார்பக ஸ்லைடு பார்க்கிறவர்கள் இரண்டே பேர். அவரும், எதிரே தேநீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த நெரிடாவும்.

நெரிடாவின் வேலையை நிரந்தரமாக்குவதா, டிசம்பரோடு அனுப்பிவிடுவதா என்று நியமனக் குழு இன்று முடிவு செய்கிறது. டெஸ்மண்டின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். வேலை போனால் கைக்குழந்தையோடு அவள் ஊர் மாற வேண்டும், பாவம்.

“இருபத்து மூணு ஸ்லைடுல தப்பு. புத்துநோயைச் சாதாரணக் கட்டிங்குது, சாதாரணக் கட்டியைப் புத்துநோய்ங்குது. எங்க வீட்டு நாய்கிட்ட காட்டியிருந்தா இன்னும் நாலு சரியாச் சொல்லியிருக்கும்.”

“டெஸ், அந்த ஸ்லைடை எல்லாம் நான்...” என்று நெரிடா ஆரம்பித்தாள்.

“வேண்டாம். உறையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அறிவியல்னா ஒரு ஒழுங்கு வேணும்.”

அவள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

ஒழுங்கு தவறாதவர் என்பதால் குழுவுக்கு எழுதிய கடிதத்திலும் அவர் யார் பெயரையும் குறிப்பிடவில்லை. இரண்டாம் கண்ணாக இருந்தவரை இனி நோயாளிகளின் ஸ்லைடு பக்கமே விடக் கூடாது என்று மட்டும் எழுதி, அது யார் என்பதைக் கிளெனிஸிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி, காலையிலேயே அனுப்பிவிட்டார்.

“குழுவில இருந்து ஏதாவது சொன்னாங்களா, கிளெனிஸ்?”

“இப்பதான் போன் வந்தது, டெஸ். நீ எழுதினதை அப்படியே ஏத்துக்கிட்டாங்களாம்.”

டெஸ்மண்ட் ஒரு லாமிங்டனை எடுத்துக் கடித்தார். நெரிடாவைப் பார்த்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயன்றார், வரவில்லை.

“மனசுல வச்சுக்காதே, நெரிடா. எனக்கு நோயாளிங்கதான் முக்கியம். கிளெனிஸ், இப்பப் பிரி உறையை.”

கிளெனிஸ் உறையை அவரிடமே நீட்டினாள்.

“ரெண்டாவது தடவை ஸ்லைடு போனது ஜூலைல. நெரிடா அப்போ பிரசவ லீவு. ஏழு மாசம் அவ இங்க இல்லாததை நீ எங்க கவனிச்சிருக்கப் போறே? வேற ஆள் கிடைக்கலேன்னா எண்ணை மாத்தி ஒட்டி முதல் ஆள்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும்னு நீதான் கட்டுரைல எழுதியிருக்கே. அப்படியே செஞ்சேன். வேற ஸ்லைடுன்னு நினைச்சு நீயும் பார்த்துக் கொடுத்தே. ரெண்டு கண்ணும் உன்னோடதுதான், டெஸ்.”