அபு கஸ்ஸானின் ஜெனரேட்டர்

மறுபடியும் கரண்ட் போனது. மதியத்திலிருந்து இது ஐந்தாவது தடவை. லமீஸ் செருப்பைக்கூடத் தேடாமல் ஐந்து மாடியும் தடதடவென்று இறங்கினாள்.

பெய்ரூட்டில் அரசாங்கக் கரண்டை நம்பி ஒரு காபிகூடப் போட முடியாது. அந்தத் தெருவுக்கே விளக்கெரிவது அபு கஸ்ஸானின் ஜெனரேட்டரால்தான். அதனால் அவர் வைத்ததுதான் சட்டம்.

மாலை ஆறு மணிக்குள் லமீஸ் தன் கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இப்போது மணி நாலரை.

மூன்று வருடம் ஒண்டியாக உழைத்து உருவாக்கிய விளையாட்டு அது. ராட்சசர்கள் நிறைந்த பாதாளச் சிறையில் ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். அடிக்கிற ராட்சசன் கூடவே வாய்க்கு வந்தபடி திட்டுவான். நடுவில் அணைந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்; செத்தாலோ சேர்த்ததெல்லாம் போய், மறுபடி முதல் தளம்தான். குறை கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று தெருவில் இருபது பேருக்குக் கொடுத்திருந்தாள். வெறுப்பேற்றுகிறது என்று பாதிப் பேர் திட்டித் தீர்த்தார்கள்.

வாசலில் கீழ்வீட்டுக்காரி உம் நபீல் அவள் கையைப் பிடித்தாள். “கரண்டைப் பக்கத்துத் தெரு ஐஸ்கிரீம் கடைக்குத் திருப்பி விடுறாராம். சும்மா விடாதே!”

ஜெனரேட்டர் அறைக் கதவை லமீஸ் தட்டவில்லை, உதைத்தாள்.

“எவ அவ?”

“உங்களால நாசமாப் போறவ! திறங்க!”

கதவு ஒரு சாண் திறந்தது. அபு கஸ்ஸானுக்குக் கண் சிவந்திருந்தது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“ஓடிப் போயிடு, வேகாத கொண்டைக்கடலையே!”

எங்கேயோ கேட்ட வசவு. இருந்த கோபத்தில் அவள் அதை யோசிக்கவில்லை.

“ஐஸ்கிரீம் கடைக்குத்தானே திருப்பி விடுறீங்க?”

“நாக்கை அடக்கிப் பேசு. உங்கப்பன்கூட என் முன்னாடி குரலை உசத்தினதில்ல.”

“அப்போ டீசல் தீர்ந்துபோச்சா?”

“தெருவையே முக்கி எடுக்கற அளவுக்கு இருக்கு.”

“மிஷின் கோளாறா?”

“என் மிஷினைக் குத்தம் சொன்னே, உன் வீட்டு ஒயரை அறுத்துப் போட்டுடுவேன்!”

லமீஸ் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள். சுவரில் தெருவுக்குக் கரண்ட் விடும் சிவப்பு நெம்புகோல். அதற்கடியில் ஒரு மேசை, இருண்டு கிடந்த பழைய கம்ப்யூட்டர், ஆறிப்போன காபி. நெம்புகோலுக்குப் பாய்ந்தவளின் கையை அவர் தட்டிவிட்டார்.

“கை வச்சே, அப்புறம் நடக்கிறதே வேற!”

“மூணு வருஷம் கண்ணு முழிச்சது உங்களால மண்ணாப் போகுது!” என்று கத்தியவளுக்குக் குரல் உடைந்தது. இந்த மனுஷன் எதிரில் அழவே கூடாது என்று பல்லைக் கடித்தாள், அழுகை வந்துவிட்டது. “ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் அணைக்காம இருக்கக்கூடாதா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

அபு கஸ்ஸான் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“உன் ராட்சசன் என்னைக் கொல்ல வர்ற நேரத்துல அணைக்காம, செத்தப்புறமா அணைக்கச் சொல்றே?”