நான்கு வரை போய்த் திரும்பும் விரல்

ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள், அச்சகத்தில் பிழை திருத்தும் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். முகத்தின் மேல் கூண்டு, மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. பஞ்சு அடைத்த காதையும் துளைத்துக்கொண்டு இயந்திரத்தின் இடி பல்லில் வந்து உட்காருகிறது. அவரது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டுத் திரும்புகிறது. அது ஓடும்வரை சத்தம் வெளியே நிற்கும். "சார், கை ஆடுது. படம் கலங்கிப் போச்சு, மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும்" என்கிறது ஸ்பீக்கரில் டெக்னீஷியன் பெண்ணின் குரல். இது மூன்றாவது முறை. "பயப்படாதீங்க." பயமா? விரல் ஆடுவதால்தான் மீதி உடம்பு ஆடாமல் கிடக்கிறது என்பதை இந்தக் கூண்டுக்குள்ளிருந்து எப்படிச் சொல்ல? படிவத்தில் ஆட்டிசம் என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுத்தார்; அதை யாரும் படிக்கவில்லை. இப்போது பட்டை போட்டு விரல்களை இறுக்கிவிட்டார்கள். மீண்டும் இடி. தடுக்க ஆளில்லாத சத்தம் உள்ளே புகுந்து தொண்டைவரை ஏறுகிறது, அலறல் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அப்போது கால்மாட்டில், மோதிரம் வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்கும் மனைவி, அவர் உள்ளங்காலை மெல்லத் தொடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இருபது வருடம் சாப்பாட்டு மேசைக்கடியில் அவர் விரல்களில் பார்த்த கணக்கு, கொஞ்சமும் பிசகவில்லை. அலறல் ஒவ்வொரு படியாக இறங்குகிறது. "பாத்தீங்களா சார், மனசு வெச்சா முடியுதுல்ல?" ஸ்பீக்கர் பூரிக்கிறது. "இன்னும் இருபது நிமிஷம் இப்படியே இருங்க." மனைவி கை மாற்றிக்கொள்கிறாள்.