மூன்றாவது சாவு

பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த அஞ்சுகம், கடைசிப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். கணவர் கோதண்டபாணி எழுதிய மூன்றாவது நாவல் அது. முதல் நாவலில் மனைவி கிணற்றில் விழுந்து செத்தாள், அடுத்ததில் மஞ்சள்காமாலை, இதில் லாரி. மூன்று பிணத்துக்கும் இடது மணிக்கட்டில் ஒரே தழும்பு. அது அஞ்சுகம் இவருடைய அவசரத்துக்குத் தோசை வார்க்கப்போய்ச் சுட்டுக்கொண்ட தழும்பு.

“எப்படி இருக்கு? படிச்சவங்க எல்லாம் அழுதுட்டோம்னு சொல்றாங்க,” என்றார் ஈசிசேரில் சாய்ந்தபடி.

“எனக்கு வயிறு எரியுது. போன மாசம் நான் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தப்போ, ராத்திரிக்கு என்ன டிபன்னு கேட்டீங்க. இதுல அவ செத்ததும் நாப்பது பக்கம் அழறீங்க. அவ போட்ட காபியை நினைச்சு நினைச்சு உருகறீங்க. உசுரோட இருக்கிறவளுக்கு ஒரு வரி கிடையாதா?”

“கதையைக் கதையாப் பாரு. சரி, போய் ஒரு காபி கொண்டா.”

அவள் எழுந்திருக்கவில்லை. காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு நாவலை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பிரித்தாள். உள்ளே பால் பொங்கி வழிந்து தீய்கிற வாடை வந்தது.

“அஞ்சுகம்! பாலு!”

“நான்தான் செத்துட்டேனே,” என்றாள், தலையைத் தூக்காமல். “எங்கே, அழுங்க பார்ப்போம்.”