தண்ணீருக்குள் ஆறு பலம்

"ஏறு பெஞ்சு மேலே!" என்றாள் ரத்னாபாய் டீச்சர்.

பகவதி ஏறினாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துப் பெண். தலை உத்தரத்தில் இடித்துவிடும் போலிருந்தது.

"வீட்டுப்பாடத்தில் வருஷம் பூரா சைபர். பரீட்சையில் தொண்ணூற்றாறு! யாரைப் பார்த்து எழுதினே?"

"யாரையும் பார்க்கலை டீச்சர்."

"சத்தியத்தைச் சொல்லுகிற வரைக்கும் இறங்கக் கூடாது. என் வகுப்பிலே பொய் சொன்னால் இடம் பெஞ்சு மேலேதான்."

பரீட்சையில் பகவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் சூடாமணி. அவள் வாங்கியது நாற்பத்தொன்று. அதைப் பார்த்து எழுதினால் தொண்ணூற்றாறு எப்படி வரும் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தால் சயன்ஸ் டீச்சருக்கும் கணக்கு வராது.

அப்பாவுக்கு ஆள் போயாயிற்று. மத்தியான மணி அடித்து வகுப்பு காலியானதும், சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரி தாணு பிள்ளை மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்ன மக்ளே, உயரத்துல நிக்கே?"

பகவதி வாய் திறப்பதற்குள் மேஜையில் கிடந்த வீட்டுப்பாட நோட்டு அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"இது நம்ம நோட்டுல்லா! நான் சொல்லச் சொல்ல பிள்ளை எழுதும். எழுதினதை வாங்கி வாசிச்சும் பாப்பேன் டீச்சரே. ஒரு வார்த்தை மாறப்பிடாது."

டீச்சர் பகவதியைப் பார்த்தாள். பகவதி உத்தரத்தைப் பார்த்தாள்.

டீச்சர் நோட்டைப் பிரித்து வாசித்தாள். "வெளியே பத்துப் பலம் எடை இருக்கும் கல், தண்ணீருக்குள் ஆறு பலம்தான் நிற்கிறது. ஏன்? பதில்: நிறுத்தவன் கள்ளன்."

"பின்னே? நாலு பலம் எங்க போச்சு? நம்ம கடையில இந்த வேலை நடக்காது, கேட்டேளா."

"பொன்முடி மலை ஏன் குளிர்கிறது? பதில்: அங்கே வெள்ளைக்காரத் துரைமார் இருப்பதால்."

"அதாக்கும் காரியம்! இல்லேன்னா அவனுக அங்க ஏறுவானுகளா?"

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இதெல்லாம் சரியென்று யார் சொன்னது?"

"நீங்கதான்!"

தாணு பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்து. மார்க்கைத் தன் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டு, நோட்டில் வெறும் கையெழுத்து மட்டும் போடுவது அவள் வழக்கம்.

"சரக்கு மோசம்னா யாராவது ஒப்புப் போடுவாளா? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்புன்னு வீட்டுல ஒரே சண்டை. 'எனக்குச் சொல்லிக் குடுக்க முடியுத வரைக்கும் படிக்கட்டும். எனக்குத் தெரியாத பாடம் வந்தா அன்னைக்கே நிப்பாட்டிருவேன்'னு நான்தான் ஒரு முடிவு சொன்னேன்."

சொன்னவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"ஆமா, எதுக்கு ஆளு விட்டியோ? எங்கயாவது தப்பா? தப்புன்னா மறைக்கப்பிடாது. பிள்ளைய இப்பவே கூட்டிட்டுப் போயிருதேன்."

பெஞ்சு மேலிருந்து பகவதி, அப்பா பார்க்காமல், டீச்சரைக் கும்பிட்டாள்.

ரத்னாபாய் பேனாவை எடுத்தாள். அன்றைய பாடத்தின் அடியிலும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அப்போ கல்லை நிறுத்தவன்?"

"கள்ளன்தான். சந்தேகமே இல்லை."

"பிள்ளை பெஞ்சு மேல?"

"நன்றாகப் படிக்கிற பெண். எல்லாரும் பார்க்கட்டும் என்று ஏற்றினேன்."

தாணு பிள்ளை பூரித்துப்போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் கேட்டைத் தாண்டும் வரை டீச்சர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நான் இறங்கலாமா?" என்றாள் பகவதி மெதுவாக.

"சீக்கிரம் இறங்கு," என்றாள் ரத்னாபாய், செருப்பைக் கழற்றியபடி. "நான் ஏற வேண்டும்."