வெறுங்கடல்

ஏழாம் நாளும் தூண்டில் வெறுமையாகவே ஏறி வந்தது. யாகோப்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "என்ரை ராசியோ உங்கடை ராசியோ தெரியேல்லைத் தம்பி. ஒரு கிழமையாய் ஒரு பூச்சியும் கடிக்கேல்லை."

"பரவாயில்லை அண்ணை" என்று கஜானன் அடுத்த பொம்மை மீனைக் கொளுவினான். மானிப்பாயில் பிறந்து கொழும்பில் வேலை பார்ப்பவன். விளையாட்டுக்கு மீன் பிடிக்க வேண்டுமென்று ஊர்ச் சங்கத்தில் கேட்டு வள்ளத்தையும் யாகோப்பையும் திங்கள் தொடக்கம் ஒரு கிழமைக்குப் பேசியிருந்தான். பிடிக்கிற மீனைப் படமெடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுவானாம். "பசியில்லாதவன் சமைச்சுப் பாக்கிற மாதிரி" என்று யாகோப்பின் மனைவி சிரித்திருந்தாள்.

கடலில் மீன் இல்லாமல் இல்லை. யாகோப்புதான் மீன் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து வள்ளத்தை விட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் வலை இழுத்த உடம்பு இந்த ஏழு நாளில் களைத்ததுபோல் என்றைக்கும் களைத்ததில்லை. பிடரி வெந்து தோல் உரிந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும்விட, பொய்க்குக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டு முகம் வலித்தது.

வடமேற்கே தண்ணீருக்கடியில் 'பெரிய கல்லு' கிடந்தது. அந்தப் பாறையை நம்பித்தான் ஊரில் நாற்பது வீட்டு அடுப்பு எரிகிறது. அச்சுவேலிச் சந்தையில் வெட்டுப்படும் பாரை மீனில் பாதி அங்கே பிடிபட்டது. வெளியாள் ஒருவனின் போனில் அந்த இடம் ஏறிவிட்டால், அடுத்த மாதமே பெரிய எஞ்சின் வள்ளங்கள் வந்து வழித்துக்கொண்டு போய்விடும்.

அதனால்தான் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பிலிப்பு யாகோப்பையே அனுப்பினார். "வேறை ஆள் போனால் காட்டிக் குடுத்துப்போடுவான். நீ போ. வெறுங்கடலைச் சுத்திக் காட்டி, ஆளை அலுக்கப்பண்ணி அனுப்பு."

"அண்ணை, அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லையே?" கஜானனின் விரல் வடமேற்கைக் காட்டியது.

"அங்கை ஒண்டும் இல்லைத் தம்பி. எண்ணெய்தான் வீண்."

"எண்ணெய் என்ரைதானே. விடுங்கோ பாப்பம்."

மறுத்தால் சந்தேகம் வரும். யாகோப்பு வள்ளத்தைத் திருப்பினார். கல்லு கிட்ட வர வர வேறு வள்ளம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. ஊரே தொழிலை விட்டுவிட்டுப் பூசைக்குப் போயிருந்தது. மற்ற நாளென்றால் அங்கே நிற்கிற இருபது வள்ளமே சங்கதியைச் சொல்லியிருக்கும்.

கஜானன் எழுந்து நின்று நாலு திசையையும் படமெடுத்தான். "ஒரு வள்ளத்தையும் காணேல்லையே அண்ணை."

"மீன் இருந்தால்தானே ஆக்கள் வருவினம்."

சொல்லி வாய் மூடவில்லை. தூண்டில் தடி வில்லாக வளைந்தது. உருளை கிறீச்சிட்டுக்கொண்டு தங்கூசி நூலை விட்டது. அந்த இழுவையிலேயே யாகோப்புக்குத் தெரிந்துவிட்டது, இருபது கிலோவுக்குக் குறையாத பாரை. அவர் எஞ்சினை முறுக்கி வள்ளத்தை வெட்டித் திருப்பினார். தங்கூசி படீரென்று அறுந்தது.

தன் கையால் ஒரு மீனைத் தப்பவிட்டது அவருக்கு அதுதான் முதல்தரம்.

"என்ன அண்ணை அது?"

"போன புயலுக்கு அடிபட்டு வந்த மரம் ஒண்டு அடியிலை கிடக்கு. அதிலை கொளுவிப்போட்டுது."

"மீன் மாதிரி இழுத்துதே."

"ஏழு நாள் மீனைக் காணாட்டில் மரமும் மீன் மாதிரித்தான் இழுக்கும்."

கஜானன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு போனை எடுத்து யாகோப்பின் முகத்துக்கு நேரே பிடித்தான். "இதை ஒருக்கால் வீடியோவுக்குச் சொல்லுங்கோ அண்ணை. நாளைக்கு வேறை ஆக்களும் வந்து அலையக் கூடாதெல்லே."

யாகோப்பு இதைவிட வேறென்ன கேட்பார். நிமிர்ந்து இருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ரை பேர் யாகோப்பு. முப்பத்தைஞ்சு வருசமாய்த் தொழில் செய்யிறன். கரையிலையிருந்து இஞ்சை வரைக்கும் மீன் எண்டு ஒண்டும் இல்லை. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் தொழிலுக்கு வாறேல்லை."

கரையில் இறங்கி வள்ளத்தைக் கட்டினார். கோயிலில் இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது. எல்லாம் முடிந்துவிட்ட களைப்பில், அவருக்குப் பெடியன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. "மீனுக்கு வந்து வெறுங்கையோடை போறியள். குறை நினைக்காதேங்கோ தம்பி."

கஜானன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "உங்களிட்டை மறைச்சுப்போட்டன் அண்ணை. நான் மீனுக்கு வரேல்லை. நேரை வந்து கேட்டால் மீன் இருக்கு எண்டுதான் சொல்லுவியள் எண்டு கொம்பனியிலை சொல்லிவிட்டவை. அதுதான் விளையாட்டுக்காரன் மாதிரி வந்தனான்."

"எந்தக் கொம்பனி?"

"ஊராக்களின்ரை தொழிலைக் கெடுத்துப்போடுவமோ எண்டு எனக்கு ஏழு நாளும் ஒரே பயம். நல்லகாலம், நீங்களே உங்கடை வாயாலை வீடியோவிலை சொல்லிப்போட்டியள்."

"என்னத்தைத் தம்பி?"

"அடுத்த மாசம் அங்கை கடலடி மண் அள்ளக் கப்பல் வருது, அண்ணை."