ஆஸ்முண்டின் சாம்பல் வாளி

பனிச்சறுக்கு மலைக் குடில்களில் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி, மர வராந்தாவில் வைக்காமல், தள்ளிப் பனியில்தான் வைக்க வேண்டும். தீயணைப்புக் குழுத் தலைவி குன்ஹில்ட் தினமும் சுற்றிவந்து பார்ப்பாள்.

போன குளிர்காலத்தில் ஆஸ்முண்ட் சோம்பல்பட்டு வராந்தாவிலேயே வைத்தான். தீப்பிடித்துக் குடிலோடு அவனும் போனான்.

இந்த வருஷம் முதல் பனி விழுந்த காலையில், அவன் குடில் இருந்த வெற்று மனையில் ஒரு வாளி இருந்தது. சரியான தூரத்தில். சுற்றிலும் காலடித் தடமே இல்லை. உள்ளே சாம்பல் கனன்றது.

"அங்க போகாதீங்க அக்கா," என்றான் பக்கத்துக் குடில் டோர்லைஃப்.

"கனலை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

குன்ஹில்ட் பனியை அள்ளிப் போட்டு அணைத்தாள். பிறகு வெற்று மனையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்பவாவது தள்ளி வச்சியே. மூடி யாரு போடுவா, உங்கப்பனா?"

மறுநாள் வாளி மூடியிருந்தது. காற்றில் பறக்காமலிருக்க, மூடிமேல் ஒரு கல்.