வெள்ளையடித்த சைக்கிள்

“செத்துப்போனவர் உங்களுக்குச் சொந்தமா சார்?”

கையில் காற்றடிக்கும் பம்ப்போடு நின்றிருந்த வெர்னன் திரும்பிப் பார்த்தான். கேட்டவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த டேல் என்ற பெரியவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார்.

“யாரு செத்தது?” என்றான் வெர்னன்.

டேல் விளக்குக் கம்பத்தைக் காட்டினார். அதில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது வெர்னனின் சைக்கிள்தான். கைப்பிடியில் ரோஜாக் கொத்து, சீட்டில் கரடி பொம்மை, சக்கரத்தடியில் மெழுகுவத்திகள். நேற்று சாயங்காலம் காற்று இறங்கிப்போய், பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தபோது இதில் ஒன்றுகூட இல்லை.

அவர்கள் நின்றது, பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போட்ட நடைத்தடம். சனிக்கிழமை காலையில் பேட்டையில் பாதிப் பேர் அங்கேதான் நடப்பார்கள், ஓடுவார்கள், சைக்கிள் விடுவார்கள். சீடர் தெரு அதைக் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் அந்தக் கம்பம்.

அப்புறம்தான் வெர்னனுக்கு உறைத்தது. காரில் அடிபட்டு இறந்த சைக்கிள்காரருக்காக, இறந்த இடத்திலேயே வெள்ளையடித்த சைக்கிளைக் கட்டிவைப்பது அந்த ஊர் வழக்கம். புது சைக்கிள் திருடன் கண்ணில் படக்கூடாது என்று, மிச்சம் கிடந்த சுவர் பெயிண்டை எடுத்து, சட்டம், சீட்டு, சக்கரக் கம்பி என்று பாக்கி வைக்காமல் பூசிய மகாராஜன் இவன்தான். அன்றைக்கு அவன் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டேல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“தங்கமான பையன் சார். எப்பவும் ‘இடது பக்கமா வரேன்’னு குரல் குடுத்துட்டுத்தான் தாண்டுவான்.”

பெயர் என்ன என்று கேட்டதற்கு, முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, பெயர்தான் வரவில்லை என்றார். ஓடிவந்து நின்ற ஒரு பெண், இறந்தவர் சிவப்பு ஹெல்மெட் போட்டிருப்பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெர்னனுக்கு ஒரே குழப்பம். நிஜமாகவே யாராவது செத்திருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் அவனே நம்பிவிட்டான். பம்ப்பைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

அக்கா ரோண்டாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் காபி புரையேறியது.

“உன் சாவுக்கு நாலு பேர் தேறுமான்னு நான் கவலைப்பட்டுட்டிருந்தேன். உன் சைக்கிளுக்கே ஊர் திரண்டு வருதேடா.”

ஞாயிற்றுக்கிழமையும் போனான். பூ இரண்டு மடங்காகியிருந்தது. பக்கத்துப் பெஞ்சில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு வயதான அம்மாள், காபி டின்னில் செவ்வந்திப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை தெருமேலேயே இருந்தது. அதைவிட விசித்திரம், கார்கள் நின்றன. ஆள் நிற்பதைப் பார்த்தாலும் பறந்துபோகிற சீடர் தெருக் கார்கள், வெள்ளைச் சைக்கிளைக் கண்டதும் வேகம் குறைத்து நின்று, தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த தாய்க்கு வழிவிட்டன. வெர்னன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

ஆனால் திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போயாக வேண்டும். தடத்தின் அந்தக் கோடியில் இருக்கும் கிடங்குக்குப் பஸ் கிடையாது. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலையில் சேர்ந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். நாய்க்காரர்கள் எழுந்து வருவதற்குள் சைக்கிளை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

விடிந்தும் விடியாததுமாகப் போய், பொம்மையையும் பூக்களையும் பதமாக எடுத்துக் கீழே வைத்தான். டயருக்குக் காற்றடித்தான். பூட்டைத் திறந்தபோது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அதே மஞ்சள் மழைக்கோட்டு.

செத்தவன் சொத்தைத் திருடியவன் என்று ஊர் முழுக்கப் பெயர் கெடப்போகிறது என்று வெர்னன் பயந்தான்.

“அம்மா, நான் திருடன் இல்ல. இது என் சைக்கிள். இங்க யாரும் சாகல.”

“உன் சைக்கிள்தான்னு தெரியும் தம்பி” என்றாள் அவள். “என் வீடு அந்த முனைதான். வெள்ளிக்கிழமை நீ டயரை உதைச்சுத் திட்டிட்டுப் போனதை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். நீ போனதும் முதல் பூவை வெச்சது நான்தான். வேலைக்கு நேரமாச்சுன்னா எடுத்துட்டுப் போ. ரெண்டு நாள் இருந்ததே பெரிசு.”

வெர்னன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தெரிந்தேதான் வைத்திருக்கிறாள் என்றால் இவளுக்குச் சித்தம் சரியில்லையோ என்றுகூட நினைத்தான்.

“தெரிஞ்சுமா பூ வெச்சீங்க? எதுக்கும்மா?”

அவள் டின்னைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போன மார்ச்ல என் பையன் இந்த இடத்துலதான் கார்ல அடிபட்டுச் செத்தான். சைக்கிள்ல வந்திருந்தா அவனுக்கும் ஒரு வெள்ளை வண்டி வெச்சிருப்பாங்க. அவன் நடந்து வந்தான் தம்பி.”

திறந்த பூட்டை மறுபடியும் பூட்டிவிட்டு, பொம்மையைத் தூக்கிச் சீட்டில் வைத்துவிட்டு, நின்று வழிவிட்ட காருக்கு முன்னால் தெருவைக் கடந்து வெர்னன் வேலைக்கு நடந்தே போனான்.